ஞாயிறு மதிய மேஜை

பிரான்ஸில் ஞாயிறு மதியச் சாப்பாடு என்றால் அவசரமே கிடையாது. பர்கண்டிப் பக்கத்து வீடுகளில் ‘கொக் ஓ வான்’ செய்வார்கள். கிழட்டுச் சேவலின் முரட்டுக் கறியைச் சிவப்பு ஒயினில் ஊறவைத்து, மணிக்கணக்கில் சிறு தீயில் வேகவிடுவார்கள். கிராமத்துச் சிக்கனத்தில் பிறந்த அந்தப் பதார்த்தம், இன்று ரெஸ்டாரன்ட் மெனுவிலும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

முதலில் பசியைத் தூண்ட ஒரு சிறு பானம். பிறகு லேசான முதல் பதார்த்தம், மீன் அல்லது கறி, சீஸ், இனிப்பு. கடைசியாக ஒரு மடக்கு கோன்யாக். 2010-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது தனியாக எந்தப் பண்டத்தையும் அல்ல. கூடி உட்கார்ந்து சாப்பிடும் இந்த வழக்கத்தைத்தான்.

ஒயின் இல்லாமல் சாப்பாடு இல்லை என்றிருந்த நாடு அது. பள்ளி கேன்டீனில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒயின் தருவதற்கு 1956-ல்தான் தடை வந்தது! 1960-ஐ ஒப்பிட்டால், இன்று அங்கே ஒருவர் குடிக்கும் ஒயின் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பேரப்பிள்ளைகள் தண்ணீர் கேட்டால் பாட்டி சந்தோஷமாகவே ஊற்றுவாள். அவள் கவலையெல்லாம், அடுத்த ஞாயிறும் அவர்கள் வருவார்களா என்பதுதான்.

காலிக் கோப்பையை நிரப்பிவிடலாம். காலி நாற்காலியை?