நின்ற வண்டியும் ஓடிய வண்டியும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது யானை வாங்குகிற மாதிரி. வாங்கிவிடலாம், தீனி போடுவதில்தான் சங்கதி இருக்கிறது. திருச்சியில் பஸ் டிப்போ ஒர்க்‌ஷாப்பில் 33 வருஷம் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நான் பிரித்துக் கோத்ததெல்லாம் லேலண்ட் பஸ்தான். ஆனால் இரும்புக்கு ஜாதி கிடையாது. எங்கே போனாலும் பேரிங் பேரிங்தான், ஆயில் சீல் ஆயில் சீல்தான்.

2023 செப்டம்பரில் நானும் என் மனைவியும் நியூ ஜெர்சியில் பையன் வீட்டில் இருந்தோம். ஒரு நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "அப்பா, இந்த வண்டி எப்படி இருக்கு?" என்றான். சிவப்புக் கார். இரண்டே சீட், மடக்குகிற துணிக் கூரை. போர்ஷே பாக்ஸ்டர், 2002 மாடல். 31,000 மைல்தான் ஓடியிருக்கிறது. விலை 13,500 டாலர். அன்றைக்கு நம் கணக்கில் 11 லட்சத்துக்கு மேல். நான் ரிட்டையர் ஆனபோது வந்த கிராஜுவிட்டி அதைவிடக் குறைவு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

அவனுக்கு வயசு 43. காலேஜ் நாளில் ஹாஸ்டல் சுவரில் இந்தக் கார் படத்தை ஒட்டி வைத்திருந்தவன். மூன்று வருஷமாக இதற்கென்றே தனியாகச் சேர்த்தது 14,000 டாலர். மருமகள் தட்டுகளை எடுத்துக்கொண்டே, "மாமா, நீங்க சொன்னா கேப்பார்" என்றாள். நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அவன் ஆபீசில் அந்த வருஷம் மட்டும் இரண்டு தடவை ஆட்குறைப்பு நடந்திருந்தது.

ஆக, இரண்டு பேரும் சேர்ந்து என்னை நடுவராக்கிவிட்டார்கள். நடுவர் முதலில் கேஸ் கட்டைப் படிக்க வேண்டும் இல்லையா? ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

1993-ல் டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரி வண்டியாகக் காட்டி, 1996-ல் தயாரிப்புக்கு வந்த கார் இது. 'பாக்ஸர்', 'ரோட்ஸ்டர்' என்ற இரண்டு வார்த்தைகளை ஒட்டவைத்த பெயர். ஆறு சிலிண்டர், மூன்று இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம், எல்லாம் படுத்த வாக்கில். இரண்டு குத்துச்சண்டைக்காரர்கள் எதிரெதிரே கையை நீட்டுவதுபோல பிஸ்டன்கள் போய் வரும். எஞ்சின் இருப்பது சீட்டுக்குப் பின்னால், வண்டியின் நடுவில். முதல் தலைமுறை 2004 வரை வந்தது. பையன் பார்த்த வண்டி அந்த வகை.

இந்த எஞ்சினுக்கு ஊரறிந்த ஒரு வியாதி உண்டு. கிராங்க் ஷாஃப்டிலிருந்து கேம் ஷாஃப்டுகளுக்குச் சுழற்சி நேராகப் போவதில்லை. நடுவில் 'இன்டர்மீடியேட் ஷாஃப்ட்' என்று ஒன்று, செயின் மூலம் வாங்கி, செயின் மூலம் கொடுக்கிறது. அந்த ஷாஃப்டின் ஒரு முனையைத் தாங்குவது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பால் பேரிங். உள்ளே கிரீஸ் வைத்து இரண்டு பக்கமும் சீல் செய்தது. வருஷக்கணக்கான சூட்டில் சீல் இறுகிப்போகும். எஞ்சின் ஆயில் மெல்ல உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். புகுந்த ஆயிலும் தாராளமாக வந்து போகாது, உள்ளேயே கிடந்து கெடும். பிறகு பேரிங் தேய ஆரம்பிக்கும். அது உடைந்தால் செயினின் தாளம் தப்பும், திறந்திருக்கிற வால்வை மேலே வருகிற பிஸ்டன் முட்டும். எஞ்சின் அதோடு சரி.

எல்லா வண்டியிலும் இப்படி ஆவதில்லை. ஆரம்ப வருஷங்களில் இரண்டு வரிசைக் குண்டுகள் உள்ள பேரிங் போட்டார்கள். 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். அந்த ஒற்றை வரிசைதான் அதிகம் போனது. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களை வைத்து உரிமையாளர்கள் பலர் சேர்ந்து வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்தது. பெரும்பாலான வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் போகிற ஒன்று நம் வீட்டு வாசலில் நிற்கிறதா என்பதுதானே நமக்குக் கேள்வி?

விற்பவர் வீட்டுக்கு முதலில் போனோம். வயதான மனிதர், நல்ல மரியாதை. முன்னால் பானெட்டைத் திறந்தேன். பேட்டரி, ஸ்பேர் வீல், பெட்டி வைக்க ஒரு குழி. பின்னால் திறந்தேன். அங்கேயும் பெட்டி வைக்க ஒரு குழி. எஞ்சினைக் காணோம்! பையன் சிரித்தான். பின்பக்க டிக்கியில் ஆயில் ஊற்றவும் தண்ணீர் ஊற்றவும் இரண்டு மூடிகள், அவ்வளவுதான் நமக்குத் தரிசனம். மூலவரைப் பார்க்க வேண்டுமானால் கூரையைப் பாதியில் தூக்கி நிறுத்தி, உள்ளே மூடிகளைக் கழற்ற வேண்டும். இங்கேயே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. கைக்கு எட்டாத எஞ்சின் என்றால் ஒவ்வொரு ரிப்பேரிலும் பாகத்தின் விலையைவிடக் கூலி பெரிதாக இருக்கும்.

அவனைக் கூட்டிக்கொண்டு, தனியாகக் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். போலந்துக்காரர், என் வயசு இருக்கும். இந்த வகைக் கார்களே பார்க்கிறவர். வாங்குவதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பரிசோதிக்க 300 டாலர் கேட்டார். "வாங்காத காருக்கு 300 டாலரா மாமா?" என்று மருமகள் கேட்டாள். மாடு வாங்கப் போனாலும் பல்லைப் பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஆளைக் கூட்டிப்போவோம், அவருக்கு டீயும் வாங்கிக் கொடுப்போம். இங்கே டீ கொஞ்சம் விலை அதிகம், அவ்வளவுதான் என்றேன்.

அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல் இன்னும் என் டைரியில் இருக்கிறது. எல்லாம் அவர் கடை விலை, பாகமும் கூலியும் சேர்த்து:

அந்த பேரிங், கூடவே கிளட்ச், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல்: 3,200 டாலர். கியர் பாக்ஸை இறக்கினால்தான் மூன்றுக்கும் கை போகும். அதனால் மூன்றையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

வாட்டர் பம்ப்: 850. உள்ளே சுற்றும் விசிறி பிளாஸ்டிக். அது உடைந்தால் துண்டுகள் தண்ணீர்ப் பாதையில் போய் அடைக்கும். உடையும்வரை காத்திருக்காமல் 60,000 மைலுக்கு ஒரு தரம் மாற்றுவது நல்லது என்றார்.

பின்பக்க டிக்கியில் இருக்கும் கூலன்ட் தொட்டி: 700. அதுவும் பிளாஸ்டிக், வயசானால் விரிசல் விடும். டிக்கியின் கார்ப்பெட் ஈரமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

எஞ்சின் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் ஒரு சாதனம்: 750. அது கிழிந்தால் ஸ்டார்ட் செய்ததும் கொசு மருந்து அடிக்கிற மாதிரி வெள்ளைப் புகை வரும்.

ஆறு இக்னிஷன் காயில்கள்: 500.

துணிக் கூரை முழுதாக மாற்ற: 2,000. 2002 வரை பின் ஜன்னல் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். மஞ்சளாகி, மடிப்பில் வெடித்துவிடும். 2003-லிருந்துதான் கண்ணாடி.

எஞ்சினே போனால்? பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வண்டி விலையைவிட அதிகம்" என்றார்.

இலவசமாக ஒன்றும் சொன்னார். கூரை மடிகிற இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கச் சின்னச் சின்ன வழிகள் உண்டு. மரத்தடியில் நிறுத்தினால் இலை விழுந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்கி சீட்டுக்கு அடியில் தேங்கும். டிரைவர் சீட்டுக்குக் கீழேதான் சாவியை அடையாளம் பார்க்கும் எலெக்ட்ரானிக் பெட்டி இருக்கிறது. அது நனைந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஐந்து நிமிஷம் இலையைப் பொறுக்கினால் பெரிய செலவு மிச்சம்.

சிவப்பு வண்டி லிஃப்டில் ஏறியது. டயரில் பட்டை அப்படியே புதுசாக இருந்தது. பக்கவாட்டில் இருக்கும் கடைசி நாலு எண்களைப் பார்த்தேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அந்த டயர்களுக்கு 13 வயசு. ரப்பர் ஹோஸ்களை விரலால் அழுத்தினேன், காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருந்தது. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம். பேரிங் மாற்றின பில் இல்லை. ஆயில் மாற்றியது மூன்று வருஷத்துக்கு ஒரு தரம். "அதிகம் ஓட்டவில்லையே, எதற்கு மாற்ற வேண்டும்?" என்று விற்பவர் பையனிடம் சொன்னாராம்.

டிப்போவில் எங்களுக்குத் தெரிந்த விஷயம் இது. தினமும் ரூட்டில் போகிற பஸ் அவ்வளவாகத் தொல்லை தராது. மூலையில் நாலு மாசம் நின்ற ஸ்பேர் பஸ்ஸை எடுத்தால்தான் பேட்டரி இறங்கியிருக்கும், ஹோஸ் வெடிக்கும், சீல் கசியும். எஞ்சின் முழுச் சூடு ஏறினால்தான் ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போகும். பத்து நிமிஷம் ஓட்டி அணைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். இந்தக் காரின் பேரிங் விஷயத்திலும் கராஜில் தூங்கின வண்டிகளைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும் என்றார் போலந்துக்காரர். என் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் நொண்டிதான். ஆனால் அவர் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு ஒன்றும் பேசாமல் அதை என்னிடம் நீட்டினார். பன்னிரண்டு வருஷம் கழித்து என் காதுக்கு வேலை வந்தது. பையன் அப்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

"இது வேண்டாம்டா" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "வண்டி வேண்டாம்னு சொல்லல, இது வேண்டாம்னு சொன்னேன்."

மூன்று வாரம் கழித்து இன்னொன்று கிடைத்தது. 2003 மாடல், சாம்பல் நிறம், 96,000 மைல். 10,500 டாலர். கேட்டதுமே எல்லோரும் ஓடுகிற மைல் கணக்கு. ஆனால் கூடவே தடிமனாக ஒரு ஃபைல். 71,000 மைலில் பேரிங்கும் கிளட்ச்சும் சீலும் மாற்றின பில். வருஷா வருஷம் ஆயில் மாற்றின பில். இந்த எஞ்சின் எட்டு லிட்டருக்கு மேல் ஆயில் குடிக்கும், அதையும் கணக்குப் பார்க்காமல் ஊற்றியிருக்கிறார் மனிதர். இதற்கும் 300 டாலர் கொடுத்து லிஃப்டில் ஏற்றினோம். ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அறுத்து, காகித மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். உலோக மினுமினுப்பு இல்லை.

அன்று ராத்திரி மூன்று பேரையும் மேஜையில் உட்கார வைத்தேன். சிவப்பு வண்டி வாங்கியிருந்தால் கையில் மிஞ்சுவது 500 டாலர், எதிரே நிற்கும் பேரிங் செலவு 3,200. இதற்கு 10,500, பரிசோதனைகளுக்கு 600 போக, மிச்சம் 2,900. டயரும் வாட்டர் பம்ப்பும் அதில் அடங்கும். அதற்கு மேல் வீட்டுப் பணத்தில் ஒரு டாலர் தொடக் கூடாது. தொட வேண்டி வந்தால் அந்த நிமிஷமே வண்டியை உள்ளபடி சொல்லி விற்றுவிட வேண்டும். இதைப் பையன் கையாலேயே எழுதச் சொல்லி மருமகளிடம் கொடுத்தேன். அவள் இரண்டு தடவை படித்தாள். "எஞ்சினே போயிடுச்சுன்னா மாமா?" என்றாள்.

"போனா 14,000 போச்சு. வீடு போகாது. அந்தப் பணம் போனாலும் பரவாயில்லைன்னு நீயும் சொன்னாத்தான் வாங்கலாம்" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளே ஒரு நிபந்தனை போட்டாள். வண்டி தூங்கக் கூடாது. ரோட்டில் பனியும் உப்பும் இல்லாத வாரமெல்லாம் அரை மணி நேரமாவது சூடேற ஓட்ட வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது அதையொட்டித்தான். எத்தனை மைல் ஓடியது என்பதோடு எப்போதெல்லாம் ஓடியது என்றும் கேளுங்கள். பில்லைக் கேளுங்கள். விலையோடு சேர்த்து அடுத்த பெரிய ரிப்பேருக்கும் பணம் இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். மாற்றின பேரிங்கும் சாசுவதம் இல்லை, அடுத்த தடவை கிளட்ச்சுக்கு இறக்கும்போது அதையும் பார்க்க வேண்டும்.

முதல் வருஷம் நாலு டயர், பேட்டரி, வாட்டர் பம்ப், ஆயில் என்று 2,350 டாலர் ஆனது. கணக்கை மருமகள்தான் எழுதுகிறாள். சனிக்கிழமை காலையில் பையன் குழந்தையை நீச்சல் வகுப்புக்கு வேனில் கூட்டிப்போவதால், வண்டியைச் சூடேற்றும் அரை மணி நேரம் இப்போது அவள் பொறுப்பு. திரும்பி வந்ததும் மைல் மீட்டரைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறாள். போன வாரம் அரை மணியில் 38 மைல் காட்டியது. என்ன ஸ்பீடில் போனாய் என்று நான் கேட்கவில்லை.