பந்தியில் நடந்த விமர்சனம்

சித்திரை 22, விருத்தாசலம்

அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டது. மணிமுத்தாற்றில் மணலைத் தவிர வேறொன்றும் காணோம். பழமலைநாதர் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் நடுப்பகலில் கால் வைக்கிறவர் ஒன்று பிரார்த்தனைக்காரராக இருக்க வேண்டும், அல்லது வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட நாளில் கடலூர் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, வருகிற ஞாயிறன்று தேவனாம்பட்டினத்தில் ஒரு நாவலாசிரியரோடு சம்பாஷணையும், அதையொட்டி மத்தியான போஜனமும் ஏற்பாடாகியிருப்பதாகச் சொன்னபோது, “இந்த வெயிலிலா?” என்று கேட்டேன். “இந்த வெயிலில்தான் ஐயா எங்கள் ஊரில் ஆள் கிடைக்கும்” என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது நியாயமே. மீன்கள் இனம் பெருக்குங் காலமென்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குள் போகலாகாது என்பது அரசாங்க உத்தரவு; முன்பு 45 நாளாக இருந்த அந்தத் தடைக்காலம் 2017 முதல் 61 நாளாயிற்று. ஆகவே சித்திரையும் வைகாசியும் கரையில் இருக்கிற மாதங்கள். வலை செப்பனிடுவதும் படகுக்கு வர்ணம் பூசுவதும் போக மிச்சப் பொழுதைக் கழிப்பதற்கு ஒரு வழி வேண்டுமல்லவா? மேல்நாட்டுக் கடற்கரை ஊர்களில் கோடைதோறும் எழுத்தாளரை அழைத்து, கட்டணம் வைத்து, விருந்தும் பேச்சுமாக நடத்துகிற வழக்கம் உண்டு. அங்கே விடுமுறைக்கு வந்தவர்கள் கேட்கிறார்கள். இங்கே கடலே விடுமுறை விட்டுவிட்டபடியால் உள்ளூர்க்காரர்கள் கேட்கிறார்கள். நம்முடைய ஏற்பாடு ஒருபடி மேல் என்பது என் அபிப்பிராயம்.

சித்திரை 26

வெறுங்கையோடு போவது முறையன்று. பொன்னாடை என்ற பண்டத்தின் மேல் எனக்குப் பிரீதி இல்லை; போர்த்துகிற நிமிஷத்தில் வேர்க்கிறது, அதன்பின் பெட்டிக்குள் கிடக்கிறது. பீங்கான் ஊரில் குடியிருந்துகொண்டு ஜவுளிக்கடைக்கு ஏன் போக வேண்டுமென்று, தொழிற்பேட்டையில் பழகிய பட்டறை ஒன்றுக்குப் போனேன்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகச் சுரங்கம் வெட்டுகையில் மேலே கிடக்கும் படிவங்களோடு ஒருவகை வெண்களிமண்ணும் வெளிப்படுகிறது. அது இவ்வளவு அருகில் கிடைப்பதுதான் இந்த ஊரில் செராமிக் தொழில் வேரூன்றியதற்கும், அதைக் கற்பிக்க அரசினர் தொழில்நுட்பப் பயிலகம் ஒன்று அமைந்ததற்கும் காரணம். மின்சாரப் பியூஸ் கட்டைகள் ஒரு பக்கம், கார்த்திகைக்கு அகல்கள் ஒரு பக்கம், கொலுவுக்குப் பொம்மைகள் ஒரு பக்கமென்று பட்டறைகள் பலவிதம். நான் போன நேரத்தில் குவளை வார்த்துக்கொண்டிருந்தார்கள். கூழ்ப் பதத்தில் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சுக்குள் விளிம்பு வரை ஊற்றிவிட்டு, ஓர் அம்மாள் அடுத்த அச்சுக்குப் போய்விட்டார். அச்சு நீரை மெல்ல உறிஞ்ச, சுவரோரமாக மண் தடித்துக்கொண்டே வந்தது. போதுமென்று எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அவர் பதிலேதும் சொல்லாமல் விளிம்பை நகத்தால் ஒருமுறை கீறிப் பார்த்துவிட்டு, நடுவில் நின்ற கூழைச் சாய்த்து வாளிக்குள் கவிழ்த்தார். கடிகாரம் அங்கே சுவரில் மாட்டியிருந்தது. அதை ஒருவரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. சூளையிலிருந்து இறக்கியவற்றில் நீல விளிம்பிட்ட குவளை ஒன்றைப் பொறுக்கி, வைக்கோல் வைத்துக் கட்டி வாங்கிக்கொண்டேன்.

சித்திரை 29, ஞாயிறு, இரவு

கடலூர் ரயிலில் போய்வந்தேன். நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி என்று வண்டி போகிற பாதையே ஒரு பாடம். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. தம்மைப் பார்க்க வந்தவனுக்கு முதலில் சோறு, பிறகுதான் மற்றதெல்லாம் என்று கண்ட மகான் வாழ்ந்த சீமை இது. கடலூரோ, 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் புதுமைப்பித்தனும், 1934இல் மஞ்சக்குப்பத்தில் ஜெயகாந்தனும் பிறந்த ஊர்.

கூட்டம் ஒரு வீட்டு மாடியில், கீற்றுப் பந்தலின் கீழ். வரவேற்புரை, அறிமுகவுரை, பிறகு ஆசிரியரின் உரை. நன்றாகத்தான் பேசினார், ஆனாலும் ஒலிபெருக்கியின் முன் நிற்கிறவர்களுக்கெல்லாம் வந்துவிடுகிற அந்தப் பொதுக்குரல் அவருக்கும் வந்திருந்தது. “கேள்விகள் உண்டா?” என்று தலைவர் கேட்டதற்கு, ஒரு கல்லூரி மாணவர், எழுதுவதற்கு உந்துதல் எது என்று வினவினார். வேறு கேள்வி எழவில்லை. சபைக்கு எதிரே எழுந்து நிற்பது நம் ஜனங்களுக்குச் சங்கோசம்.

இலை போட்டார்கள். விசைப்படகுகள் ஓடாத காலமாதலால், கரையோரம் போய்வந்த ஃபைபர் படகில் கிடைத்த சங்கராவும் நெத்திலியுந்தான் குழம்புக்கும் வறுவலுக்கும். சைவர்களுக்கென்று வரிசையின் கடைசியில் வத்தக்குழம்போடு இடம் ஒதுக்கியிருந்தார்கள். நாவலாசிரியரும் சைவமாக இருந்தது என் பாக்கியம், ஏனெனில் அதனால் நான் அவருக்குப் பக்கத்து இலைக்கு வந்து சேர்ந்தேன். எதிர் வரிசையில் ஒரு முதியவர். பாய்மரக் கட்டுமரம் ஓட்டிய காலத்து மனிதர். படிக்கத் தெரியாது, நாவலைப் பேத்தி படிக்கக் கேட்டவர். சோற்றைப் பிசைந்தபடியே, தலை நிமிராமல் ஆரம்பித்தார்.

“ஐயா கோவிச்சுக்கக் கூடாது. உங்க கதையில விடியக்காலைல பாயை விரிச்சு மரம் கரைக்கு வருதே, அது எந்தக் காத்துல வருது?”

ஆசிரியரின் கை நின்றது.

“விடியக்காலைல காத்து கரையிலேருந்து கடலுக்குல்ல போவும்? அதுலதான் நாங்க போறது. வெயில் ஏறி, தரை சுட்டப்புறம் கடல்காத்து எழும்பும், அதுல திரும்புறது. நீங்க எழுதுனமாரி வந்தா மரம் வராதுங்க, போயிக்கிட்டே இருக்கும்.”

பந்தி முழுதும் சிரித்தது. ஆசிரியர் எச்சில் கையை உயர்த்திக்கொண்டு, இடக்கையால் பையிலிருந்து பேனாவைத் துழாவி, மடித்த அழைப்பிதழின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார். “அடுத்த பதிப்பில் காற்றைத் திருப்பிவிடுகிறேன் பெரியவரே” என்றார். “காத்தைத் திருப்பாதீங்க, மரத்தைத் திருப்புங்க” என்றார் பெரியவர். அப்புறம் ரசம் வந்து, மோர் வந்து, இலையை மூடிய பின்னும் எவரும் எழுந்திருக்கவில்லை. கரைவலை இழுப்பதைப் பற்றியும், கதாநாயகியின் பிடிவாதத்தைப் பற்றியும், அவளைச் சாகடித்திருக்க வேண்டாமென்று பரிமாறிய பெண்கள் போட்ட சண்டையைப் பற்றியும் எழுதப் புகுந்தால் விடிந்துவிடும்.

சித்திரை 30

நேற்றைய பந்தியிலிருந்து ரசிகமணி டி.கே.சி.யின் நினைவாகவே இருக்கிறது. திருநெல்வேலி வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்திலும் பிறகு குற்றாலத்திலும் அவர் கவிதையைச் சுவைக்கக் கற்றுக்கொடுத்தார் என்று எழுதுகிறவர்கள், அந்த வீட்டுத் தோசையையும் மறவாமல் எழுதுகிறார்கள். ராஜாஜியும் கல்கியும் போய் இருந்த இடம் அது. உபசாரம் வேறு, ரசனை வேறு என்று அவர் பிரித்துப் பார்த்தவரல்லர். சென்னையில் ஜெயகாந்தனைச் சுற்றிக் கூடிய சபையும், நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் இல்லமும் அப்படித்தான் பேர்பெற்றன. மேடை போட்டு வளர்ந்தது நம் அரசியல். இலக்கியத்தில் பாதி திண்ணையிலும் அடுக்களையை ஒட்டிய கூடத்திலும் வளர்ந்தது.

எங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இமையம் இங்கேதான் இருக்கிறார். நடுநாட்டுப் பேச்சுச் சொற்களை அகராதியாகத் தொகுத்த கண்மணி குணசேகரனின் மணக்கொல்லை பக்கத்துக் கிராமம். அவர்கள் புத்தகத்தில் வருகிற மனிதர்கள் இந்தக் கடைத்தெருவிலேதான் நடமாடுகிறார்கள். ஆனால் அந்த மனிதர்களும் எழுதினவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட விசேஷத்தை நான் இதுவரை இந்த ஊரில் கண்டதில்லை.

ஆனி 24

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் போய்வந்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சுரங்க நகரம் இதை நடத்திவருவதும், எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் மேடையேற்றிக் கௌரவிப்பதும் சாமானிய காரியமல்ல. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் பலர் முதற்புத்தகத்தை அங்கேதான் வாங்கியிருப்பார்கள். இரவு திரும்புகையில் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு தகப்பனாரும் மகளும், வாங்கிய நாவலைத் தெருவிளக்குகள் வந்துபோகிற வெளிச்சத்தில் விட்டுவிட்டுப் படித்துக்கொண்டு வந்தார்கள்.

விருத்தாசலத்திலும் ஒரு கூட்டம் போடலாமென்று சில அன்பர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஒதுக்குகிற பணத்தில் அரிசி வாங்குங்கள். அழைப்பிதழில் சிறப்புரைக்கு நேரம் அச்சடிப்பதைப்போலச் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் என்று அச்சடியுங்கள். எழுத்தாளரைத் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார வைக்காமல், பட்டறையில் அச்சு வார்க்கிற அந்த அம்மாளுக்கு எதிர் இலையில் உட்கார வையுங்கள்.