ஊர் நடத்தும் நூலகம்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்குள்ள ரோமன் ரோலந்து நூலகம் பிரெஞ்சு அரசாங்கம் 1827-இல் ஏற்படுத்தியது. அதனாலோ என்னவோ, நூலகம் என்றாலே சர்க்கார் காரியம் என்று மனதில் பதிந்துவிட்டது. எழுத்தராக ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான ராஜபாளையத்தில் குடியேறிய பிறகுதான் வேறு மாதிரியும் உண்டு என்று தெரிந்தது.

பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரின் பென்னிங்டன் நூலகம் 1875-இல் தொடங்கியது. சென்னை கன்னிமாராவுக்கு 21 வயது மூத்தது. அப்போது இந்தப் பகுதி திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. கலெக்டர் பென்னிங்டன் பெயரை வைத்தார்கள். பெயர்தான் துரையுடையது. பொறுப்பு ஊர்க் கமிட்டியுடையது. ராஜபாளையத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த குமாரசாமி ராஜா, தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார்.

1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டம் வந்த பிறகு வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அதோடு நம் கடமை முடிந்தது என்று பலருக்கு எண்ணம். கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது, ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலராகலாம். ஆனால் நம் சங்கங்களுக்கு நூலகம் என்றால் வாடகையில்லாத கூடம்.

ஒரு கிளை நூலகத்தில் பார்த்தேன். ஏதோ ஒரு சங்கத்தின் பாராட்டு விழா. மைக், பொன்னாடை, போட்டோ. குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பையன்கள் புத்தகத்தை மூடிவிட்டு வாசல்படிக்குப் போனார்கள். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாத பிள்ளைகள் அவர்கள். ஒரு மாலை போனால் அவர்களுக்கு நஷ்டம்தான்.

மறுவாரம் எங்கள் பென்ஷனர் வட்டத்தில் இதைச் சொன்னேன். "விழாவே வேண்டாம் என்கிறீரா ஸார்?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. படிக்கிற நேரம் போக மற்ற நேரத்தில் வைத்துக்கொள்வோம், பொன்னாடைக் காசில் பையன்கள் கேட்கும் புத்தகத்தை வாங்கிக் கொடுப்போம் என்றேன். எந்தப் புத்தகம் என்பதை நூலகரிடம் கேட்டால் போதும். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய டைரிகளையும் மலர்களையும் கட்டிக்கொண்டு போய் நன்கொடை என்று இறக்கக் கூடாது.

நாலு பேர் ஒத்துக்கொண்டார்கள், இரண்டு பேர் இன்னும் யோசிக்கிறார்கள். உங்கள் ஊர்ச் சங்கத்திலும் பேசிப் பாருங்கள்.