மைக் பிடிக்கக் கத்துக்கிட்டோம்

போன தைப்பூசத்துல ஒரு பிள்ளை வழிதவறியது சிலருக்கு நினைவிருக்கும். மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக் கத்தினோம். இரைச்சல்தான் கேட்டது. எங்கே வரணும்னு தாயாருக்குப் புரியாமல் அரைமணி நேரம் அழுதுகொண்டே சுற்றினார். பிள்ளையோ எங்க பக்கத்திலேயே பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டு இருந்தது.

அந்த வேதனையில் நாங்க நாலு தொண்டூழியர்கள் சமூகக் கல்லூரியில் பேச்சுத் தொடர்புக் குறுகிய காலப் பயிற்சிக்குப் போனோம். 2001 முதல் நம் நாட்டில் இருக்கும் கோலேஜ் கொமுனிட்டிதான். பாடம் மலாயில். நம்ம மலாயைக் கேட்டு சிரிப்பாங்களோன்னு கூச்சம். யாரும் சிரிக்கல.

கத்துக்கிட்டது சின்ன விஷயங்கள். மைக் நாலு விரல் தள்ளி இருக்கணும். ஓர் அறிவிப்பில் ஒரே செய்தி. இடத்தைத் தெளிவாகச் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி சொல்லணும். கேட்பவர் பதற்றத்தில் இருந்தால் நம்ம குரல் இன்னும் நிதானமாகணும்.

இந்த வருஷமும் ஒரு பிள்ளை. "சிவப்புச் சட்டை போட்ட பையன், கொடிமரத்துப் பக்கம் எங்களோடு பத்திரமாக இருக்கிறான்." இரண்டு தடவை தமிழில், இரண்டு தடவை மலாயில். சொல்லி முடிக்குமுன்னே அம்மா ஓடி வந்துட்டாங்க.

அடுத்த வகுப்புக்கு யாராவது வர்றீங்களா? கோயிலுக்கு இன்னும் குரல் வேணும். முருகா சரணம்.