பதினாறா, பதினைந்தா?

ஏரல் கடைத்தெருவில் ஒரு டயர் கடை. சுவர் நிறைய அலாய் வீல்கள். கடல் விலகிப் போய் வயலும் வாழையுமாகிவிட்ட கொற்கையிலிருந்து ஸ்விஃப்டில் வந்திருக்கிறான் இளைஞன். கறுப்பாய் மின்னும் 16 அங்குல ரிம்மை விட்டு அவன் கண் நகரவில்லை. படமெடுத்து யாருக்கோ அனுப்புகிறான். அவன் அம்மா இடுப்பில் கைவைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்.

"நாலு ஓட்டை, ஓட்டைங்க நிக்கிற வட்டம், அதான் பி.சி.டி., நூறு மில்லி. ஒங்க வண்டிக்குச் சேரும் தம்பி. நடு ஓட்டை மட்டும் பெருசு. ரிங் போட்டு மாட்டணும், இல்லன்னா வேகத்துல ஸ்டீயரிங் உதறும்."

கடைக்காரர் ரிம்மைத் திருப்பி, உட்புறம் பொறித்திருக்கும் அகலத்தையும் ஆஃப்செட்டையும் தாங்கும் எடையையும் காட்டுகிறார். இளைஞன் அதை மறுபடி முன்பக்கமாகத் திருப்பிப் பார்க்கிறான்.

பழைய 165/80 ஆர்14 டயருக்குப் பக்கத்தில் 195/55 ஆர்16 டயர் வந்து நிற்கிறது. இரண்டும் ஏறக்குறைய 620 மி.மீ. உயரம். அந்த உயரத்துக்குள் ரிம் பெருத்தால் ரப்பர்தான் குறைய வேண்டும். பழையதன் பக்கச்சுவர் 132 மி.மீ.; புதியதில் 107.

அம்மா எழுந்து வந்து இரண்டையும் விரலால் அளக்கிறார்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டு மெலிசா இருக்கு? பள்ளத்துல விழுந்தா?"

"அடி நேரா ரிம்முக்குப் போகும்க்கா. இரும்புன்னா நெளியும், தட்டி நிமித்திரலாம். அலாய் கீறல் விட்டா மாத்தத்தான் வேணும்."

இளைஞன் தெருவைப் பார்க்கிறான். இந்தக் கடைத்தெருவையே மூழ்கடித்த 2023 டிசம்பர் வெள்ளம் சுற்றுவட்டாரச் சாலைகளை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"எம்மா, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகையில ரொம்பக் குலுங்குமோ?"

அம்மா பதில் சொல்லவில்லை. இடுப்பில் வைத்த கையை எடுக்கவுமில்லை.

"பதினஞ்சே மாட்டுங்க அண்ணாச்சி."

185/65 ஆர்15 டயர், பக்கச்சுவர் 120 மி.மீ. கடைக்காரர் நட்டுகளை எதிரெதிராக முறுக்குகிறார். "நூறு கிலோமீட்டர் ஓடினதும் வந்து ஒருக்கா முறுக்கிட்டுப் போங்க" என்கிறார்.

ரிம் மாற்றப் போகிறவர்களே, பின்சீட்டில் உட்காரப் போகிறவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். குலுங்கப் போவது அவர் உடம்பு.