சேதுக்கரையும் டாக்டர் கொடுத்த தேதியும்

ராமேஸ்வரத்துக்குப் போவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. பிதுர்க்கடன் தீர்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தை வரம் வேண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சங்கும் சோழியும் வாங்கிக் கொண்டு வரலாம் என்று போகிறவர்களும் இல்லாமல் இல்லை. நான் போனதற்குக் காரணம் வேறு. பத்தொன்பது நாட்களை எப்படியாவது தள்ளியாக வேண்டும், அவ்வளவுதான்!

விஷயத்தை ஒளிப்பானேன்? நாலைந்து மாதமாக எனக்கு ஒரு படபடப்பு. டெலிபோன் மணி அடித்தால் நெஞ்சு திக்கென்கிறது. இரவு மூன்று மணிக்கு யாரோ தட்டி எழுப்பினாற்போல் விழிப்பு வந்துவிடுகிறது. இருதய டாக்டரிடம் போனேன். அவர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, “உங்கள் இருதயம் கடிகாரம் மாதிரி ஓடுகிறது. மனநல டாக்டர் ஒருவரைப் பாருங்கள்” என்றார். மனநல டாக்டரிடம் நேரம் கேட்டபோது கிடைத்த தேதிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

கல்யாணத்துக்கு நாள் குறித்தால் நாட்கள் பறக்கும். இந்த நாட்களோ நகர மறுத்தன. கவலைக்காக டாக்டரைப் பார்க்க வேண்டும். டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று அதற்கு மேல் ஒரு கவலை! வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. தேதி எழுதிய சீட்டைக் கைப்பையின் உள்ளறையில் ஒளித்து வைத்தேன். “வேண்டாம்” என்று சொல்லிவிட மூன்று தடவை டெலிபோனைக் கையில் எடுத்து, மூன்று தடவையும் கீழே வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆசிரியர், “சேதுக்கரைக்குப் போய் ஒரு கட்டுரை எழுதி வாருங்கள்” என்றார். செய்தி அறிந்த அத்தை, நான் அழைப்பதற்கு முன்பே பெட்டியைக் கட்டிவிட்டாள். தேதிக்குப் பதினாலு நாள் பாக்கி இருக்கையில் இருவரும் ரயில் ஏறினோம்.

பாலத்தின் மேல்

பாம்பன் பாலத்தைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் உண்டா? 1914-ஆம் ஆண்டு திறந்த பழைய பாலம் நூறு வருஷத்துக்கு மேல் உழைத்தது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி இரண்டு கைகளைப்போல் விரிந்து வழிவிடும். இப்போது பக்கத்திலேயே புதுப் பாலம். 2025 ஏப்ரலில் ராமநவமியன்று திறந்தார்கள். இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. கப்பல் போகும்போது ரயில் காத்திருக்க வேண்டும். ரயில் போகும்போது கப்பல் காத்திருக்க வேண்டும். காற்று வரம்பு மீறி வீசினால் ரயிலுக்கு அனுமதியே கிடையாது.

எங்கள் ரயில் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னலோரம் ஓடினார்கள். எனக்கோ தொண்டை அடைத்தது. கைவிரல்கள் மரத்துப் போயின. நெஞ்சு அடித்த அடியில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்கும் போலிருந்தது. ‘இதோ உயிர் போகிறது’ என்றே நினைத்தேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். “என்ன, ஏது?” என்று கேட்கவில்லை.

“செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தரையிலே நன்றாக ஊன்றிக்கொள். என் கையைப் பிடி. மூச்சை இழுக்கிறதைவிட விடுகிறதை நீட்டி விடு. அதோ, கம்பம் போகிறது பார். ஒவ்வொன்றாக எண்ணு” என்றாள்.

எண்ணினேன். நடுவில் கணக்குத் தப்பியது; மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். பாம்பன் ஸ்டேஷனில் ரயில் நுழைந்தபோது மூச்சு சீராகியிருந்தது. இம்மாதிரி வரும் பீதி அநேகமாகப் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் அதை நம்புவதுதான் கஷ்டம்!

இருபத்திரண்டு கிணறுகள்

ராமேஸ்வரம் கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்கள். முதலில் அக்னி தீர்த்தம் என்று பெயர் பெற்ற கடலில் முழுக்கு. பிறகு சொட்டச் சொட்ட நனைந்தபடி கிணறு கிணறாக ஓட வேண்டும். கிணற்றின் சுவரில் ஏறி நின்றுகொண்டு, வாளியில் நீர் சேந்தித் தலையில் ஊற்றுகிறார்கள். ஒரு கிணற்று நீர் சில்லென்றிருக்கிறது; இன்னொன்று வெதுவெதுப்பாக இருக்கிறது. ஏழாவது வாளிக்கு வருகிற வரையில் என் கவலைகள் என்னோடு ஓடி வந்தன. அதற்குப் பிறகு, வழுக்காமல் நடப்பது, புடவையைப் பிழிவது, அத்தையைத் தவறவிடாமல் இருப்பது ஆகிய மூன்று காரியங்களைத் தவிர வேறெதற்கும் மனத்தில் இடமில்லை.

ஈரம் மாற்றிக்கொண்டு மூன்றாம் பிராகாரத்தில் உட்கார்ந்தோம். உலகப் பிரசித்தி பெற்ற பிராகாரம் அல்லவா? 1,212 தூண்கள்! அத்தை தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

“முப்பது வருஷத்துக்கு முன்னே, உன் அத்திம்பேரும் மாமியாருமாக என்னை இதே இடத்துக்கு அழைத்து வந்தார்கள். ரமணி பிறந்து ஒரு மாதம். எனக்குத் தூக்கமே கிடையாது. குழந்தையைத் தொடவே பயம். ‘காற்றுக் கருப்பு’ என்றார்கள்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடும்பத்தில் இதை ஒருவர்கூடச் சொன்னதில்லை.

“அப்புறம்?”

“இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினேன். திரும்பும் வழியில் மதுரையில் உன் அத்திம்பேர் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். மாமியாருக்குத் தெரியாது. எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். தீர்த்தத்தில்தான் குணமாயிற்று என்று மாமியார் கடைசிவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எது குணப்படுத்திற்று என்று நானும் ராமநாதனிடம் வழக்குப் போடவில்லை. நீ உன் கைப்பைச் சீட்டை எத்தனை நாள் ஒளித்து வைக்கப் போகிறாய்? டிக்கெட்டைத் தேடியபோது பார்த்துவிட்டேன்.”

பிராகாரத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ராமேஸ்வரத்தில் அழுகிறவர்கள் புதிதா என்ன?

அன்று மாலை தனுஷ்கோடிக்குப் போனோம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் ஓர் ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயிலும் பிரயாணிகளோடு போயிற்று. இடிந்த மாதா கோயில் மணலில் நிற்கிறது. இன்று காற்று மிஞ்சினால் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுகிறார்கள் என்றேனே, அதை ஒருவரும் கோழைத்தனம் என்று சொல்வதில்லை. மனத்தில் காற்று மிஞ்சியிருக்கும்போது வேலையை விடுவது, நகையை விற்பது, உறவை முறிப்பது போன்ற பெரிய தீர்மானங்களையும் அப்படியே நிறுத்தி வைப்பதுதான் நல்லது.

ஏர்வாடி

மறுநாள் ராமநாதபுரம் வந்து, தெற்கே திருப்புல்லாணிக்குப் பஸ் ஏறினோம். கடலரசன் வழிவிட வேண்டும் என்று ராமன் தர்ப்பைப் புல்லில் படுத்துக் காத்திருந்த இடம் அது. “மூன்று நாள் பொறுத்தான், அப்புறம் வில்லை எடுத்துவிட்டான்! நீ பத்தொன்பது நாள் பொறுக்க வேண்டும். கொஞ்சம் எரிச்சல் வந்தால் தப்பில்லை” என்றாள் அத்தை.

அதே சாலையில் கீழக்கரையைத் தாண்டினால் ஏர்வாடி. சுல்தான் சையத் இபுராஹீம் ஷஹீத் அவர்களின் தர்க்கா இருக்கும் ஊர். மனம் கலங்கியவர்களை இங்கே அழைத்து வருவது நெடுநாள் வழக்கம். ஹிந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்துவர்கள் எல்லோரும் வருகிறார்கள்.

இவ்வூரின் பெயர் உலகமெங்கும் அடிபட்டது 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி. தர்க்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. இருபத்தெட்டுப் பேர் மாண்டார்கள். ஓடித் தப்ப முடியவில்லை, சங்கிலியால் கட்டியிருந்தார்கள். பத்திரிகைச் செய்தியைப் பார்த்துச் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே மாதத்தில் அத்தகைய விடுதிகளை மூடினார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அரசாங்கம் தன் பராமரிப்பில் எடுத்துக்கொண்டது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. தர்க்காவுக்கு வருகிறவர்களுக்கு அங்கேயே மனநல டாக்டரின் சிகிச்சையும் கிடைக்க ‘தவா-துவா’ என்ற ஏற்பாடும் வந்தது. ‘தவா’ என்றால் மருந்து. ‘துவா’ என்றால் பிரார்த்தனை.

தாழ்வாரத்தில் ஓர் அம்மாள் இருபது வயது மகனுக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சுக் கொடுத்தேன்.

“ஓதியும் பாக்குறோம், மாத்திரையும் குடுக்குறோம் தங்கச்சி. இப்ப ராத்திரி தூங்குறான். ஊரு என்ன சொல்லுமோன்னு நாலு வருசம் வீட்டுக்குள்ளயே வச்சிருந்தோம். அந்த நாலு வருசத்தை யாரு திருப்பித் தருவா?” என்றாள்.

நேயர்களே, என் சீட்டை நான் ஒளித்து வைத்ததும் ஊர் என்ன சொல்லுமோ என்றுதானே? நான் ஒளித்தது சில நாள். அந்த அம்மாள் ஒளித்தது நாலு வருஷம். இடையில் உள்ள தூரம் அதிகமில்லை.

காத்திருக்கும் நாட்களில்

உங்களில் யாராவது இப்படி ஒரு தேதிக்காகக் காத்திருந்தால், நான் கற்றுக்கொண்டதைச் சொல்லுகிறேன். முதலாவதாக, ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். இரண்டாவதாக, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எத்தனை மணி, பசி எப்படி, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று. தைராய்டு தொந்தரவாலும் படபடப்பு வருமாதலால் அந்தப் பரிசோதனைக் காகிதம் இருந்தால் எடுத்து வையுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். மூன்றாவதாக, காப்பி! நெஞ்சு ஏற்கெனவே குதிரை ஓட்டம் ஓடும்போது அதற்குச் சவுக்கடி எதற்கு? அத்தை என் இரண்டாவது தம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்கு மட்டும் அவளை இன்னும் மன்னிக்கவில்லை. அடுத்த வீட்டு மாமியின் தூக்க மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கவலைப்பட்டே ஆகவேண்டும் என்றால் சாயங்காலம் கால் மணி நேரம் அதற்கென்று ஒதுக்குங்கள். மற்ற வேளைகளில் அது வந்தால், “சாயங்காலம் வா” என்று திருப்பி அனுப்புங்கள்.

காத்திருக்கவே கூடாத சமயமும் ஒன்று உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், தேதியைப் பார்த்துக்கொண்டு இராதீர்கள். உடனே பக்கத்தில் இருப்பவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். 2022-இல் மத்திய அரசாங்கம் ஏற்படுத்திய ‘டெலி மானஸ்’ உதவியின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இதை எழுதும்போது என் தேதிக்கு இன்னும் ஆறு நாள். படபடப்பு போய்விடவில்லை. நேற்று இரவுகூட மூன்று மணிக்கு விழித்தேன். ஆனால் சீட்டு இப்போது கைப்பையில் இல்லை. சமையலறைக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி குத்தி வைத்திருக்கிறேன். அதன் கீழே அத்தை பென்சிலால் எழுதியிருக்கிறாள்: “நானும் வருகிறேன். காலை ஒன்பது மணிக்கு ஆட்டோ.”