டர்பனின் காட்டுப் பக்கம்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இந்தியப் பெருங்கடலைப் பார்த்திருக்கும் துறைமுக நகரம் டர்பன். கப்பல்துறையையும் கடற்கரை விடுதிகளையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஊரின் பாதியைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன். துறைமுகத்துக்குப் பின்னால் உயரும் பெரியா மேட்டில் ஒருகாலத்தில் யானைகள் திரிந்தன. உம்கேனி ஆற்றில் நீர்யானைகள் கிடந்தன. அவை போய்விட்டன. ஆனால் காடு முழுதும் போய்விடவில்லை. மேடும் பள்ளமுமான நிலம் இது. வீடு கட்ட வாகில்லாத ஓடைச் சரிவுகளில் மரங்கள் தப்பிப் பிழைத்தன. 1980-களில் தொடங்கி, அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துக் காக்க நகராட்சி ஒரு திட்டம் வகுத்தது. அதன் சுருக்கப் பெயர் டிமாஸ்.

அந்தச் சரிவுகளில் முதலில் கண்ணில் படுவது நேட்டால் காட்டு வாழை. பார்த்தால் நம் வாழைதான்; ஆனால் குலை தள்ளாது. படகு போன்ற கருநீல மடலிலிருந்து வெள்ளையும் நீலமுமாகப் பூ விரியும். தேன்சிட்டுகள் வந்து மகரந்தம் சுமக்கும். காய் வெடித்தால் கறுப்பு விதைகள், ஒவ்வொன்றின் தலையிலும் பளீரென்ற ஆரஞ்சு நார்க்கொத்து. அதைத் தின்னப் பறவைகளும் வெர்வெட் குரங்குகளும் வரும். காய்ந்த இலைக்காம்பைக் கயிறாக்கிக் குடிசை கட்டியவர்கள் ஜூலு மக்கள்.

கறுத்த முகமுள்ள அந்தக் குரங்குகள் சமையலறை ஜன்னல் வரை வருவதாகக் குறைசொல்லாத குடியிருப்பு டர்பனில் குறைவு. குரங்கின் வழியில்தான் வீடு வந்தது என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோம். அதே புதர்களில் முயலைவிடச் சற்றே பெரிய நீல டைக்கர் மான் ஓசையில்லாமல் மேய்கிறது. பாறை இடுக்குகளில் டாஸி என்னும் சிறு பிராணி வாழ்கிறது. டாஸியும் எலியும் உள்ள இடத்துக்குக் கறுப்பு மாம்பாவும் வரும். வெஸ்ட்வில், ரிசர்வாயர் ஹில்ஸ் பக்கம் அந்தப் பாம்பைப் பிடித்துக்கொண்டுபோய் விடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

உம்கேனி கடலில் கலக்குமிடத்தில், வடகரையில், பீச்வுட் அலையாத்திக் காடு. பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு இங்கே அந்நியம் தோன்றாது: அதே வெண்கண்டல், அதே சுரபுன்னை. சேற்றில் தத்தும் மீன்கள், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள். துறைமுகம் விரிய விரிய, டர்பன் விரிகுடாவின் அலையாத்திகளில் பெரும்பகுதி அழிந்தது. அதனாலேயே மிஞ்சிய இந்தக் காடு எனக்கு அருமையானது. மேலே நகரம் கழித்துவிடும் பிளாஸ்டிக்கெல்லாம் ஒவ்வொரு வெள்ளத்திலும் இதன் வேர்களில்தான் வந்து சிக்குகிறது.

1860 நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் கொண்டுவந்து இறக்கியது. அவர்களும் பின்னால் வந்தவர்களும் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள். கரையோரக் காடும் புல்வெளியும் அந்தக் கரும்புக்குத்தான் இடம் விட்டன. முடிவு முதலாளிகளுடையது, வியர்வை நம்மவர்களுடையது. இந்தியாவிலிருந்து வந்த மைனாவும் காகமும்கூட இங்கே பெருகி, உள்ளூர்ப் பறவைகளுக்கு இடைஞ்சலாகிவிட்டன. காகத்தை ஒழிக்க நகராட்சி முனைந்ததைக் கேட்டு மனம் சங்கடப்பட்டாலும், அதன் நியாயத்தை என்னால் மறுக்க முடியவில்லை.

இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தை ஒட்டி சில்வர்கிளென் காப்பகம் இருக்கிறது. அங்கே ஜூலு மருத்துவத்துக்கு வேண்டிய மூலிகைகளுக்கென நாற்றங்கால் உண்டு. நகரின் வார்விக் சந்தையில் பட்டையும் கிழங்கும் மூட்டை மூட்டையாக விற்பனையாகின்றன. காட்டில் பிடுங்கிப் பிடுங்கியே பல செடிகள் அருகிவிட்டன. நம் இஞ்சி, மஞ்சளின் உறவான ஆப்பிரிக்கக் காட்டு இஞ்சி அப்படிப்பட்ட ஒன்று. காவல் போட்டு மருத்துவர்களைத் தடுப்பதைவிட அவர்களுக்கு நாற்றுக் கொடுத்து வளர்க்கக் கற்றுத்தருவது நல்ல வழி. சில்வர்கிளென் எடுத்துக்கொண்ட வேலை அதுதான்.